அரிய நோய்களும் பெற்றோரும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவர்களுக்கு அடுத்த நிலையில் ஆய்வுகூடங்களும் மருந்து உற்பத்தி நிறுவனங்களும் அரசுகளும் இடம்பெறுவதுண்டு. நோயாளி அவ்வரலாற்றிற் பெயரற்றவராகவே வந்துபோகின்றார். நோயாளியின் தாய் தந்தையரோ வாயிலுக்கு வெளியே காத்திருப்போராக மட்டுமே காட்சியளிக்கின்றனர். எனினும் ஒரு துறையில் மாத்திரம் இவ்வொழுங்கு நிலைமாறியுள்ளது. பத்தாயிரம் பேரில் ஒருவரையோ இலட்சம் பேரில் ஒருவரையோ பற்றும் பிறப்புவழி நோய்களின் துறையே அது. இங்கு வாயிலில் நின்றோர் உள்ளே புகுந்தனர், பணந்திரட்டி ஆய்வாளரை ஆய்வில் ஈடுபடுத்தினர், சட்டமும் இயற்றுவித்தனர். ஈற்றில், தமது முயற்சியால் உருவான மருந்தைத் தாமே வாங்க இயலாதவராய் மீண்டும் வீதியில் இறங்கிக் கையேந்தவும் நேர்ந்தது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருளாகும்.

2021 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இங்கு முதலிற் குறிப்பிடத்தக்கன. கொவிட் கொள்ளைநோயால் இந்திய மருத்துவமனைகள் திணறிக்கொண்டிருந்த அதே ஆண்டில் மும்பையிலும் குஜராத்திலும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சில குடும்பங்கள் வேறொரு கணக்கில் மூழ்கியிருந்தன. தேவைப்பட்டது ஒரே ஓர் ஊசிமருந்து. அதன் விலை ஏறத்தாழ 16 கோடி இந்திய ரூபா. அதனை அமெரிக்காவிலிருந்து தருவிப்பதாயின் சுங்கவரியும் பிற வரிகளுமாக மேலும் 6 கோடி ரூபா வரையிற் செலுத்த வேண்டியிருந்தது. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பமொன்று தலைமுறை தலைமுறையாகச் சேமித்தாலும் எட்டமுடியாத தொகை இது. காலமோ குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரைக்குந்தான். பெற்றோர் தம் மழலையின் படத்தையும் வங்கிக் கணக்கின் எண்ணையும் கைப்பேசி வழியே உலகெங்கும் அனுப்பினர். தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டமொன்றைச் சேர்ந்த குழந்தைக்காகக் கடைக்காரரும் மாணவரும் கடல் கடந்து வாழும் தமிழரும் அளித்த சிறு தொகைகள் 16 கோடியாகத் திரண்டன. ஒன்றிய அரசு வரியைத் தள்ளுபடி செய்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு மும்பைக் குழந்தையொன்றுக்கும் அவ்வாறே வரி விலக்களிக்கப்பட்டிருந்தது.

கேரளத்தில் நிகழ்ந்தவை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கவை. அங்கு ஒரு சிறுவனுக்காக 18 கோடி ரூபா கேட்கப்பட்டது; ஏறத்தாழ ஒரு வாரத்துள் 46 கோடிக்கு மேற் குவிந்து, இனி அனுப்ப வேண்டா என்று குடும்பத்தார் அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே மாதத்தில், அதே மாநிலத்தில், அதே நோயுற்ற வேறொரு கைக்குழந்தைக்காக 16 கோடிக்கு மேல் திரண்டிருந்த நிலையில், மருந்து வந்து சேருமுன் அக்குழந்தை இறந்துவிட்டது. இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். மக்களின் ஈகைக்குக் குறைவிருக்கவில்லை. அது எவர்பாற் செல்லும், எப்போது சென்று சேரும் என்பதை நிர்ணயிக்கும் ஒழுங்குதான் இருக்கவில்லை.

இந்நோய் முண்ணாண் தசைநலிவு எனப்படும். 1890களில் வியன்னாவில் வெர்ட்னிக், ஹைடெல்பேர்க்கில் ஹொஃப்மன் ஆகியோரால் இது முதன்முதல் விவரிக்கப்பட்டது. தசைகளை இயக்கும் நரம்புக்கலங்கள் உயிர்வாழ ஒரு புரதம் வேண்டும். அப்புரதத்தை உண்டாக்கும் பரம்பரையலகு பழுதுற்றிருப்பின் அக்கலங்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. குழந்தையின் அறிவுக்கு ஊறு எதுவும் இல்லை. அது சிரிக்கும், தாயை அடையாளங் காணும், ஆயின் தலை நிற்காது, பின்னர் விழுங்க இயலாது, ஈற்றில் மூச்சுவிடவும் இயலாது. கடுமையான வகையிற் சிகிச்சையின்றேல் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. மடிந்த நரம்புக்கலம் மீண்டும் உயிர்ப்பதில்லை என்பதே இங்கு அடிப்படையான செய்தி. மருந்து எஞ்சியுள்ள கலங்களையே காக்கும். ஆகவே நிதி திரட்டும் ஒவ்வொரு வாரமும், குழந்தையின் உடலில் திரும்பப் பெறமுடியாத ஒன்றைச் செலவழித்தே கழிகின்றது. பெற்றோரின் அவசரம் வெறும் மனப்பதற்றமன்று. அதற்கு உடற்றொழிலியல் சார்ந்த காரணம் உண்டு.

உலகளாவிய நிலையில் ஏறத்தாழப் பத்தாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இந்நோய் காணப்படுகின்றது. பழுதுற்ற அலகைத் தாய் தந்தை இருவரும் நோயின்றிச் சுமந்திருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். இவ்வாறு சுமப்போர் எல்லாச் சமூகங்களிலும் உளர். ஏறத்தாழ ஐம்பது பேரில் ஒருவர் எனலாம். முன்பின் உறவற்ற தம்பதியர்க்கும் இத்தகைய குழந்தை பிறப்பதற்கு இதுவே காரணம். எனினும் மாமன் மகளையும் அத்தை மகனையும் உரிமையாகக் கொள்ளும் மணமுறை நிலவும் சமூகங்களில், ஒரே மூதாதையின் பழுதான அலகு இருவழியாலும் வந்து சேரும் வாய்ப்பு மிகுதி. 2019-21 காலப்பகுதியில் நிகழ்ந்த இந்தியத் தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டிற் பெண்களுள் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் இரத்த உறவினரை மணந்தவர்கள். இந்தியாவிலேயே உயர்ந்த விகிதங்களுள் இது ஒன்று. இதனைப் பழியாகச் சுமத்துவது முறையன்று. சோதனையும் ஆலோசனையும் எங்கு கூடுதலாகத் தேவை என்பதைக் காட்டும் தரவாகவே இதனைக் கொள்ளல் வேண்டும்.

இனி, பெற்றோர் இவ்வரலாற்றினுட் புகுந்த கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று காண்பது அவசியமாகும். 1934 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுத் தாயொருத்தி, போர்க்னி எகெலாண்ட் என்பார், தம் இரு பிள்ளைகளும் பிறக்கும்போது நலமாயிருந்து நாளடைவில் அறிவு மங்கிப்போனது ஏன் என்று மருத்துவர் மருத்துவராகக் கேட்டு அலைந்தார். பிள்ளைகளின் உடலில் வீசிய ஒருவகை நாற்றத்தையும் அவரே கவனித்துச் சொன்னார். எவரும் பொருட்படுத்தவில்லை. ஈற்றில் ஒஸ்லோவில் அஸ்பியோன் ஃபோலிங் என்னும் மருத்துவர் செவிசாய்த்தார். இரசாயனமும் கற்றிருந்த அவர் பிள்ளைகளின் சிறுநீரில் பெரிக் குளோரைட்டைச் சேர்த்தபோது அது எதிர்பாராத பச்சை நிறங் கொண்டது. அந்நிறத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுக்கப் பெருமளவு சிறுநீர் வேண்டியிருந்தது. தாய் சளைக்காமற் கொண்டுவந்து கொடுத்தார். ஃபோலிங் பின்னர்ப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்த 430 பேரைச் சோதித்து மேலும் எண்மரிடம் அதே பொருளைக் கண்டார். உணவிலுள்ள பீனைல்அலனின் என்னும் அமினோவமிலத்தை உடல் கையாள இயலாமையால் மூளை நஞ்சுறும் நோய் இவ்வாறு கண்டறியப்பட்டது. பீனைல்கீற்றோனூரியா எனப் பின்னர்ப் பெயர்பெற்றது அதுவே. எகெலாண்டின் பிள்ளைகளுக்கு அக்கண்டுபிடிப்பாற் பயன் எதுவும் கிட்டவில்லை.

பதினேழு ஆண்டுகளின் பின், 1951 இல், இங்கிலாந்தின் பேர்மிங்காம் சிறுவர் மருத்துவமனையில் மற்றொரு தாய் ஆய்வுகூட வாயிலில் நின்றார். ஹோஸ்ற் பிக்கல் என்னும் இளம் ஜேர்மன் மருத்துவர் அவருடைய பதினேழு மாத மகளுக்குப் பீனைல்கீற்றோனூரியா என்பதைக் கண்டறிந்து, சிகிச்சை ஏதுமில்லை என்றும் கூறியிருந்தார். அத்தாய் அதனை ஏற்கவில்லை. காலைதோறும் ஆய்வுகூட வாயிலில் வந்து நின்று, என் பிள்ளைக்கு ஏதேனும் கண்டுபிடியுங்கள் என்று கேட்டவண்ணமே இருந்தார். பிக்கல், எவ்லின் ஹிக்மன்ஸ், ஜோன் ஜெராட் ஆகிய மூவரும் இலண்டனிலிருந்த லூயி வூல்ஃபின் ஆலோசனையைப் பெற்று, பாற்புரதத்தைச் சிதைத்து, கரியினூடு வடித்து, குறித்த அமினோவமிலம் நீங்கிய உணவொன்றைக் குளிரறையில் தம் கையாலேயே தயாரித்தனர். அதனை உண்ட சிறுமி சில மாதங்களில் தவழவும் எழுந்து நிற்கவும் தொடங்கினாள். உணவினாலேயே இம்மாற்றம் நிகழ்ந்தது என்பதை நிறுவ, தாய்க்கு அறிவியாமலே உணவில் அந்த அமிலத்தை மீண்டும் சேர்த்தனர்; குழந்தையின் நிலை விரைந்து கெட்டது. அறிவியல் வகையில் ஐயத்துக்கு இடமற்ற சான்று அது. அறவகையில் அவ்வாறு சொல்வதற்கில்லை. அச்சிறுமியின் மூளை முன்னரே பெரிதும் பாதிப்புற்றிருந்தமையால் அவள் முற்றாக நலம்பெறவில்லை. எனினும் பிறப்புவழி நோயொன்றை உணவாற் கட்டுப்படுத்தலாம் என்பது உலகில் முதன்முறையாகத் தெளிவாயிற்று.

மூளை பழுதுறுமுன் நோயை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடைகண்டவரும் ஒரு தந்தையே. அமெரிக்காவின் பஃபலோ நகரில் நுண்ணுயிரியல் ஆய்வாளராயிருந்த றொபேட் குத்ரியின் மகன் அறிவுவளர்ச்சி குன்றியவன். அவருடைய மனைவியின் உடன்பிறந்தாள் மகளுக்குப் பீனைல்கீற்றோனூரியா இருந்தமை காலந் தாழ்த்தியே கண்டறியப்பட்டது. இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தில் முன்னின்று உழைத்த குத்ரி, பிறந்த குழந்தையின் குதிக்காலிற் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தை வடிதாளில் உலரவிட்டு, தபாலில் அனுப்பி, பற்றீரியா வளர்ச்சியின் மூலம் நோயைக் கண்டறியும் முறையை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1963 இல் மசாசுசெற்ஸ் மாநிலம் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. பெற்றோர் சங்கங்கள் ஏனைய மாநிலச் சட்டமன்றங்களை நெருக்கின.

இதில் அதிகம் பேசப்படாத ஓர் உப கதையும் உண்டு. குத்ரி தாமே ஏறத்தாழ 6 டொலருக்குத் தயாரித்த சோதனைப் பொதியை, தனியுரிமை பெற்ற நிறுவனம் 262 டொலருக்கு விற்க முற்பட்டது. குத்ரி வெகுண்டு அமெரிக்க செனற் சபை வரை விடயத்தைக் கொண்டுசென்றார். அந்தத் தனியுரிமை நீக்கப்பட்டது. பிற்காலத்து மருந்துவிலைப் பிணக்குகள் அனைத்தும் இச்சிறு நிகழ்ச்சியிலேயே கருக்கொண்டிருந்தன எனின் மிகையாகாது. குத்ரி வென்றார், அவருக்குப் பின் வந்தோர் அவ்வளவு எளிதாக வெல்லவில்லை.

இதே காலப்பகுதியில் பெற்றோர் நிதியமைப்புகளும் தோன்றலாயின. 1955 இல் அமெரிக்காவில், நுரையீரலைச் சளியால் அடைக்கும் சிஸ்ரிக் பைப்ரோசிஸ் நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் ஓர் அறநிலையத்தை நிறுவினர். 1958 இல் பிரான்சில், தசைநோயுற்ற பிள்ளைகளின் தாயான யொலேன் த கெப்பேர் அந்நோய்க்கெதிரான சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் 1987 முதல் ஆண்டுதோறும் தொலைக்காட்சி வழியே மக்களிடம் நிதிதிரட்டி, பரம்பரையலகுச் சிகிச்சைக்கான ஆய்வுகூடம் ஒன்றையே நடத்தும் நிலைக்கு உயர்ந்தது. தனியொரு குடும்பத்தின் முயற்சிக்கு ஓடோனே தம்பதியர் பெயர்பெற்றவர். உலகவங்கியிற் பணியாற்றிய ஒகஸ்ரோ ஓடோனேயும் மொழியியலாளரான அவர் மனைவி மிக்கேலாவும் 1984 இல் தம் மகன் லொரென்சோவுக்கு மூளையைச் சிதைக்கும் நோயிருப்பதை அறிந்தனர். நூலகங்களில் தாமே தேடிக் கற்று, கொழுப்பமிலங்களாலான எண்ணெயொன்றை உருவாக்குவித்தனர். 1992 இல் வெளிவந்த திரைப்படம் அதனை ஒரு வெற்றிக் கதையாகக் காட்டியது. உண்மை சற்று வேறானது. ஈராண்டே வாழ்வான் எனப்பட்ட லொரென்சோ 2008 வரை, முப்பது வயது வரை வாழ்ந்தான்; ஆயினும் இழந்தவற்றை எண்ணெய் மீட்டுத்தரவில்லை. நோய்க்குறி தோன்றாத சிறுவரிடத்து அது ஓரளவு தடுப்பாகப் பயன்படலாம் என்பதே பின்வந்த ஆய்வின் முடிபு. அன்பும் அறிவும் ஒருங்கே கூடினாலும் உயிரியல் தன் எல்லையை விட்டுக்கொடுப்பதில்லை என்பதைத் திரைப்படங்கள் சொல்ல விரும்புவதில்லை.

இவ்வரலாற்றின் பெருந் திருப்பம் 1983 ஆம் ஆண்டுச் சட்டமாகும். தலிடொமைட் என்னும் மருந்தால் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்த அனர்த்தத்தை அடுத்து, 1962 இல் அமெரிக்கா மருந்துப் பரிசோதனை விதிகளை இறுக்கியது. அது நியாயமானதே. ஆயினும் அதனாற் பரிசோதனைச் செலவு பெருகவே, சில ஆயிரம் பேரை மட்டும் பற்றும் நோய்க்கு மருந்து செய்வது இலாபமற்றதாயிற்று. எவரும் பொறுப்பேற்காத அம்மருந்துகள் அநாதை மருந்துகள் எனப்பட்டன. தன்வயமற்ற அசைவுகளை உண்டாக்கும் ரூறெற் நோயால் துன்புற்ற மகனின் தாயாகிய அபி மேயர்ஸ், அவனுக்குப் பயன்பட்ட மருந்தை நிறுவனம் சந்தை போதாதெனக் கைவிட்டபோது, ஏனைய நோய்களின் பெற்றோரையும் ஒன்றுதிரட்டினார். அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஹென்றி வக்ஸ்மன் விசாரணை நடத்தினார். ஜக் குளூக்மன் என்னும் புகழ்பெற்ற நடிகரின் தொலைக்காட்சித் தொடரில் இப்பிரச்சினை கதையாக வந்தது. அந்நடிகரே காங்கிரஸ் முன் சாட்சியமளித்தார். 1983 ஜனவரி 4 ஆம் நாள் ஜனாதிபதி றேகன் சட்டத்தில் ஒப்பமிட்டார். அரிய நோய்க்கு மருந்து செய்யும் நிறுவனத்துக்கு ஏழாண்டுத் தனிவிற்பனை உரிமையும் வரிச்சலுகையும் அதன்மூலம் உறுதியாயின. அதற்கு முந்திய பத்தாண்டில் பத்தளவினவாயிருந்த இத்தகைய மருந்துகள் பின்னர் நூற்றுக்கணக்கிற் பெருகின.

மருந்து பெருகியதோடு விலையும் ஏறியது. தனிவிற்பனை உரிமை வழங்கிய சட்டம் விலைக்கு வரம்பெதனையும் விதிக்கவில்லை. ஈரலும் மண்ணீரலும் வீங்கும் கோஷே நோய்க்கான நொதிய மருந்து 1991 இல் வெளிவந்தபோது ஒரு நோயாளியின் ஆண்டுச் செலவு இலட்சக்கணக்கான டொலரை எட்டியது. சட்டத்துக்காக உழைத்த மேயர்ஸே பின்னர் இவ்விலைகளைக் கண்டித்தார். சிஸ்ரிக் பைப்ரோசிஸ் அறநிலையத்தின் கதை இன்னும் விசித்திரமானது. பெற்றோர் திரட்டிய நிதியிலிருந்து அது ஒரு நிறுவனத்துக்கு ஆய்வுப்பணம் அளித்தது; 2012 இல் வெளிவந்த மருந்துக்கு அந்நிறுவனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் டொலர் விலைவைத்தது; 2014 இல் அறநிலையம் தன் உரிமைப் பங்கை 330 கோடி டொலருக்கு விற்றது. அப்பணம் மீண்டும் ஆய்வுக்கே சென்றது என்பது உண்மை. எனினும் நன்கொடையாளராகவும் பங்காளராகவும் மருந்து வாங்குவோராகவும் பெற்றோர் ஒரே காலத்தில் நிற்கும் இந்நிலை எவரும் முன்கூட்டி எண்ணிப் பார்த்ததன்று.

முண்ணாண் தசைநலிவுக்கும் இவ்வழியே மருந்து வந்தது. 1995 இல் பாரிசில் ஜுடித் மெல்கியின் குழுவினர் நோய்க்குரிய அலகைக் கண்டனர். அமெரிக்காவிற் பெற்றோர் 1984 இலேயே சங்கம் அமைத்திருந்தனர். இந்திய வம்சாவளியினரான தினகர் சிங்கும் அவர் மனைவி லோறன் எங்கும், தம் மகளுக்கு இந்நோய் இருப்பதை அறிந்தபின், 2003 இல் ஓர் ஆய்வு நிதியத்தை நிறுவிப் பெருந்தொகை செலவிட்டனர். 2016 டிசம்பரில் முதல் மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 2019 மே மாதத்தில் வந்தது முன்னர்க் கூறிய ஊசிமருந்து: பழுதான அலகுக்குப் பதிலாக நல்ல அலகொன்றைத் தீங்கற்ற வைரசில் ஏற்றி ஒரேமுறை செலுத்துவது. அதன் விலை 21 இலட்சத்து 25 ஆயிரம் டொலர். அன்று உலகின் மிக விலையுயர்ந்த மருந்து அதுவே. அதன் அடிப்படை ஆய்வின் ஒரு பகுதி, முற்கூறிய பிரெஞ்சுப் பெற்றோர் சங்கத்தின் ஆய்வுகூடத்திலேயே நிகழ்ந்தது. தாம் தெருவெங்கும் திரட்டிய காசால் வளர்ந்த அறிவு இவ்விலையில் விற்கப்படுவதை அச்சங்கம் வெளிப்படையாகவே கண்டித்தது. மருந்தை விற்ற நொவார்ட்டிஸ் நிறுவனம், அது கிடைக்காத நாடுகளின் குழந்தைகளுக்கென 2020 இல் நூறு ஊசிவரை இலவசமாக அளிக்க முன்வந்தது. பெறுவோர் யாரென்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. நோயுற்ற மழலைகளின் பெயரை வைத்துச் சீட்டுக் குலுக்குவதா என்று பெற்றோர் அமைப்புகள் வினவின. ஆயினும் பார்க்கப்போனால், எந்தக் குழந்தையின் படம் எத்தனை கைப்பேசிகளுக்குச் சென்றது என்பதைப் பொறுத்து உயிர் தப்புவதும் ஒருவகைக் குலுக்கலே. நிறுவனத்தின் குலுக்கலில் முகவெட்டும் ஊராரின் செல்வாக்கும் செல்லுபடியாகவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இந்தியாவில் இவ்வழக்கு நீதிமன்றம் ஏறியது. கோஷே நோயுற்ற சிறுவனொருவனின் தந்தை, சைக்கிள் ரிக்‌ஷா இழுப்பவர், டில்லி உயர்நீதிமன்றில் மனுச் செய்தார். 2014 ஏப்ரலில் நீதியரசர் மன்மோகன் அளித்த தீர்ப்பு, மருந்தின் விலை உயர்ந்தது என்ற காரணத்தால் அரசு உயிர்வாழும் உரிமையிலிருந்து விலகி நிற்க இயலாது எனக் கூறி, அச்சிறுவனுக்கு இலவசமாக மருந்தளிக்குமாறு டில்லி அரசைப் பணித்தது. பொம்பே நோய் எனும் தசை நோயுற்ற மகளின் தந்தையான பிரசன்ன ஷிரோல் போன்றோர் பெங்களூரில் அமைப்புத் தொடங்கி ஓயாது வாதாடினர். 2017 இல் ஒன்றிய அரசு ஒரு கொள்கையை வெளியிட்டு, அடுத்த ஆண்டிலேயே நிறுத்திவைத்தது. 2021 மார்ச்சில் வந்த புதிய கொள்கை, ஒருமுறைச் சிகிச்சையாற் குணமாகும் நோய்களுக்கு 20 இலட்சம் ரூபா வரை வழங்கியது. வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டுவோரையும் முண்ணாண் தசைநலிவுற்றோரையும் பொதுமக்களின் நன்கொடைக்கே விட்டுவிட்டு, அதற்கென அரசுத் தளமொன்றையும் அமைத்தது. அத்தளத்தில் 2024 வரை திரண்டது சில இலட்சம் ரூபாவே. ஒரு தனிக்குழந்தையின் முகத்துக்குச் சில நாட்களிற் கோடிகளை அளித்த அதே மக்கள், அரசின் பட்டியலுக்கு ஏறத்தாழ எதுவும் அளிக்கவில்லை. 2022 இல் உதவியின் உச்ச வரம்பு 50 இலட்சமாக உயர்ந்து எல்லாப் பிரிவினர்க்கும் விரிந்தது. 2023 ஏப்ரல் முதல் சுங்கவரியும் நீங்கியது. 2024 ஒக்டோபரில் டில்லி உயர்நீதிமன்றம், அரிய நோய்களுக்கெனத் தேசிய நிதியமொன்றை அமைத்து 974 கோடி ரூபா ஒதுக்குமாறு ஆணையிட்டது.

மருந்து வாங்கப் பணம் தேடுவது ஒரு வழி. மருந்தின் விலையையே குறைப்பது மற்றொரு வழி. வாயால் உட்கொள்ளும் றிஸ்டிப்ளாம் என்னும் மருந்து 2020 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இந்தியாவில் றொஷ் நிறுவனம் அதன் ஒரு போத்தலை ஏறத்தாழ 6 இலட்சம் ரூபாவுக்கு விற்றது. ஐதராபாத்தின் நற்கோ நிறுவனம் அதே மருந்தைத் தயாரிக்க முனைந்தபோது றொஷ் தடைகோரி வழக்கிட்டது. டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சிலும், அதன் மேல்முறையீட்டு அமர்வு அவ்வாண்டு ஒக்டோபரிலும் தடைவிதிக்க மறுத்தன. உச்சநீதிமன்றமும் அதே ஒக்டோபரிற் தலையிட மறுத்தது. நற்கோவின் போத்தல் 15,900 ரூபாவுக்கு வெளிவந்தது. ஒரே பொருள், இரு விலைகள். இடைவெளி ஏறத்தாழ நாற்பது மடங்கு. குத்ரியின் 6 டொலரும் 262 டொலரும் இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே.

இவை யாவும் இலங்கையின் கிழக்குக் கரையில் எவ்வாறு பொருள்படும்? திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே, கிண்ணியாவை ஒட்டிய நீரேரிக் கரையில் குறிஞ்சாக்கேணி உள்ளது. 2021 நவம்பர் 23 ஆம் நாட் காலையில் அங்கு மிதவைப் படகொன்று கவிழ்ந்து, பாடசாலைக்குச் சென்றுகொண்டிருந்த பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். பாலவேலை முற்றுப்பெறாத இடத்தில் மக்கள் தம் பிள்ளைகளைப் படகேற்றி அனுப்பியிருந்தனர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கோடிகளைத் திரட்டப் புறப்பட்ட பெற்றோர் செய்ததும் ஏறத்தாழ அதுவே. பாலம் கட்டப்படும்வரை காத்திருக்கக் குழந்தைக்கு வயது இடந்தரவில்லை.

இக்கிராமத்துக் குழந்தையொன்றுக்கு முண்ணாண் தசைநலிவு எனின், சிகிச்சை தேடும் பெற்றோர் 250 கிலோமீற்றருக்கு மேற் பயணித்துக் கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையை அடைய வேண்டும். 1895 இல் நிறுவப்பட்ட அவ்வைத்தியசாலையில் மருத்துவரைக் காணக் கட்டணம் இல்லை. தாதியர்க்கும் படுக்கைக்கும் கட்டணம் இல்லை. இலவச மருத்துவம் இந்நாட்டின் பெருமைக்குரிய மரபு என்பதில் ஐயமில்லை. ஆயின் அம்மரபு மலேரியாவையும் போலியோவையும் பேறுகால மரணத்தையும் எதிர்கொண்டு வளர்ந்தது. ஒருவருக்குக் கோடிகள் என்ற கணக்கு அதற்குப் புதிது. உலகளாவிய விகிதத்தைப் பொருத்திப் பார்ப்பின், ஆண்டுக்கு இரண்டேகால் இலட்சம் அளவு பிறப்புகள் நிகழும் இந்நாட்டில் இந்நோயுடன் பிறப்போர் இருபது பேரளவில் அமைவர். 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியம் இதயச் சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு உதவுகின்றது. அமெரிக்க விலையில் ஓர் ஊசி என்பது அத்தகைய உதவியின் அளவை முற்றிலும் மீறியது.

எனினும் இந்நாட்டுக்கு இன்னொரு மரபும் உண்டு. பேராதனை மருத்துவபீடத்தின் முதற் பீடாதிபதியான பேராசிரியர் செனக பிபிலே, 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராக, மருந்து இறக்குமதியை ஒருமுகப்படுத்தி, வணிகப்பெயரை விடுத்துப் பொருட்பெயரில் உலகச் சந்தையிற் குறைந்த விலைக்கு வாங்கும் முறையை வகுத்தார். நாற்பது மடங்கு விலைவேறுபாடுள்ள இரு போத்தல்களில் எதனை வாங்குவது என்பது அவர் அன்று எழுப்பிய வினாவேதான். 1977 இல் கயானாவில் அவர் மறைந்தபின் அம்முறை பெரிதும் தளர்ந்தது. கூட்டுத்தாபனம் தொடர்ந்து இயங்கி வருகின்றது.

குத்ரியின் வடிதாளும் இந்நாட்டுக்கு வந்துள்ளது. பிறந்த குழந்தையின் குதிக்காலில் எடுத்த இரத்தத்துளியைத் தாளில் உலரவிட்டுத் தைரொயிட் சுரப்புக் குறைபாட்டைக் கண்டறியும் திட்டம் இலங்கை அரச வைத்தியசாலைகளில் நடைபெறுகின்றது. அத்தகைய உலர்ந்த துளியிலிருந்தே முண்ணாண் தசைநலிவையும் அறியலாம். 2018 இல் அமெரிக்கா அந்நோயைப் பிறந்தோர் சோதனைக்கான தேசியப் பரிந்துரைப் பட்டியலிற் சேர்த்தது. நோய்க்குறி தோன்றுமுன் மருந்து பெற்ற குழந்தைகள் பலர் தம் வயதொத்தோரைப் போலவே எழுந்து நின்று நடந்துள்ளனர். ஒஸ்லோவில் எகெலாண்டின் பிள்ளைகளுக்கும் பேர்மிங்காமில் அச்சிறுமிக்கும் கிட்டாது போனது அந்தச் சில மாத முன்னறிவே.